பேட்டரித் தண்ணீர்

நாமக்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் லாரி டிரைவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றி வரும்போது கேனில் கடல்நீரும் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளத்துண்டு ஒன்றை வளர்த்தார். ஆயில் கறைச் சட்டையோடு வீடு திரும்பினால், செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து அதைத்தான் பார்ப்பார்.

ஒருமுறை அவர் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு லோடுக்குப் போயிருந்தபோது, வெயிலில் வற்றிய தொட்டியில் நான் கேனில் இருந்த கடல்நீரையே ஊற்றி நிரப்பிவிட்டேன். பவளம் சுருங்கிப்போனது.

வந்தவர் கோபிக்கவில்லை. “பேட்டரியில கொறஞ்சா ஆசிட்டா ஊத்துறோமுங்க? தண்ணிதானுங்க வத்துது. உப்பு உள்ளயேதான் கெடக்குது” என்றார். தொட்டியிலிருந்து கொஞ்சம் நீரை இறைத்துவிட்டு, லாரி பேட்டரிக்கு வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரை மெதுவாக விட்டார்.

மூன்றாம் நாள், சாவியை மறுபடியும் என்னிடமே கொடுத்துவிட்டு லோடுக்குப் போனார். அன்று மாலை பவளம் கடுகளவு விரல்களை நீட்டியது. நான் செருப்போடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.