கவரைப்பேட்டையில் ஆயாவுக்கு இலை போட்ட நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை:

1. காலை 6.10க்குத் திருவள்ளூரில் ஊத்துக்கோட்டை பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய்.
2. 7.35க்கு ஊத்துக்கோட்டை. இரண்டு இட்லி தின்றுவிட்டு, சத்தியவேடு வழியாகப் போகும் பஸ்ஸுக்கு மாறினேன்.
3. 9.20க்குக் கவரைப்பேட்டை.
4. பதினோரு மணிக்கு, எங்கள் ஆயாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது தப்பு என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே காட்டினாள்.

எழுபதுகளின் கடைசி அது. அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடங்களை நகலெடுக்கும் டிரேசர் வேலையில் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தது. அப்பாவின் அம்மாவான ஆயா, கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் இறந்து ஒரு வருடம். முதல் தெவசம். இறந்தவருக்குப் பிடித்ததை, மீனோ கறியோ, சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். என்ன சமைப்பது என்ற பட்டியலை நான்தான் எழுதி முந்தின வாரமே தபாலில் அனுப்பியிருந்தேன். ஒன்பது வயது வரை ஆயாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள் நான். வேறு யாருக்கு அந்த உரிமை?

மடியில் தூக்கு வைத்திருந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா அது?"

"அதிரசம். எங்க ஆயாவுக்குத் தெவசம்."

"ஒண்ணு இப்டி குடு. ஆயா இன்னா எண்ணிப் பாக்கவா போவுது?"

கொடுக்கவில்லை. ஆயாவாக இருந்தால் இரண்டு கொடுத்திருப்பாள்.

ஆந்திரப் பக்கத்துச் சத்தியவேட்டில் ஏறிய இருவர் இடத்துக்காகத் தெலுங்கில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமானார்கள். கவரைப்பேட்டை நெருங்க, நெல் வயல்களின் நடுவே அளவுக்கல் நட்டிருந்தார்கள். தொழிற்சாலைகளுக்கான நிலம். அந்த நிலத்தின் வரைபடங்களில் சில என் கையால் நகலானவை. தாளில் வரப்பு தெரியாது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்தேன். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து என் பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"அதிரசம். இது ஒனக்குப் புடிக்கும். உளுந்து வடை ஒங்கப்பனுக்கு. பால் கொழுக்கட்டை எனக்கு. சுறாப்புட்டு சின்னவனுக்கு." தாளை மடித்தார். "இதுல அம்மாவுக்குப் புடிச்சது எதுமா?"

"எல்லாமே அவங்க செஞ்சதுதானே, பெரியப்பா."

"செஞ்சாங்க. தின்னாங்களா?"

சமையலறையிலிருந்து வந்த பெரியம்மா என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் கன்னியம்மா ஒரு சட்டியோடு வந்தாள். ரயில்வே கேட் பக்கம் குடியிருக்கிறவள், என் வயது, ஆலையில் மூட்டை தைக்கிறாள். தாயில்லாதவள் என்று அவள் பிரசவத்துக்கு ஆயா போய்ப் பன்னிரண்டு நாள் இருந்தாள். அதே வாரம் எனக்கு டிப்ளமா கடைசிப் பரீட்சை. திருவள்ளூருக்கு வருகிறேன் என்றிருந்த ஆயா வரவில்லை. அதை நான் மறக்கவில்லை. போதாததற்கு அவளும் 'ஆயா' என்றே கூப்பிடுவாள்.

"நண்டுக் கொயம்பு. ஆயாவுக்கு," என்றாள்.

பெரியம்மா பதறினாள். "ஐயே, எங்க அத்தைக்கு நண்டு ஆவாதுடி. ஒடம்பெல்லாம் அரிக்கும்பாங்க."

கன்னியம்மா சிரித்துவிட்டாள். "அரிக்குமா? நல்லா சொல்லிச்சி போ! செவ்வாக்கெயமயானா ரேஷன் கடைக்குன்னு கெளம்பி எங்கூட்டுக்குத்தான் வரும். ஒரு சட்டிய தனியா காலி பண்ணும். காலை ஒடச்சி, ஓட்ட உறிஞ்சி, ஒரு மணி நேரம் ஆவும். 'இங்கதான் கன்னி, எவனும் கூப்புட மாட்டான்'னு சொல்லிக்கினே துன்னும்."

நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் பதினோரு பேர். ஆயா கடைசியாக, நின்றபடி, ஒரு கையால் சாப்பிடுவாள். மறு கையில் குழந்தையோ கரண்டியோ இருக்கும். நண்டுக்கு இரண்டு கையும் வேண்டும், உட்காரவும் வேண்டும். "எனக்கு ஆவாதுடி கண்ணு" என்று அவள் ஒதுக்கிய பங்கை, பெரிய கொடுக்குகள் உட்பட, தின்றவள் நான்.

அவள் கன்னியம்மாவை என்னைவிட நேசித்தாள் என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கே போய் உட்கார்ந்தாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டேன்.

"நாலு இருக்கும்."

"என்னைப் பத்தி ஏதாவது சொல்வாங்களா?"

"அத்த ஏன் கேக்கற! 'எம் பேத்தி கோடு போட்டா கோணாது'ன்னு வாராவாரம் இதே பாட்டுதான். பேஜாரு புடிச்சிப் பூடும். நண்ட துன்னு ஆயான்னுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பெரியப்பா தாளை என்னிடம் நீட்டினார். "நீ எழுதுனது. நண்ட வெக்கலாமா, வேணாமா, நீயே சொல்லு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தேன். கன்னியம்மா சட்டியைக் கீழே வைக்காமல், சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நடுவுல வைங்க," என்றேன். "மத்ததெல்லாம் நாம சாப்பிடறதுக்கு."

கற்பூரம் ஏற்றிய பிறகு, வழக்கப்படி இலையை உள்ளே விட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினோம். செத்தவர் சாப்பிட நேரம் கொடுப்பது அது. ஐந்து நிமிடத்தில் பெரியப்பா கதவுக்குக் கை நீட்டினார்.

"இருங்க மாமா," என்றாள் கன்னியம்மா. "அதுக்கு நேரமாவும்."

அரை மணி நேரம் காத்திருந்தோம். ஆயாவை யாரும் கூப்பிடவில்லை.

மாலை 4.40 பஸ்ஸில் திரும்பினேன். கன்னியம்மா மேல் பொறாமை அப்படியே இருக்கிறது. அடுத்த தெவசத்துக்கும் குழம்பு வைக்கப்போவது அவள்தான்.