ஏழாம் தேதி வயிற்றுவலி

மலாக்கா பாச்சாங்கில் இருக்கும் நவரட்ணம் அண்ணனுக்கு நான் பதினெட்டாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தேன். கொரோனா வருடத்தில் லாரியின் கியர்பாக்ஸ் உடைந்தபோது வட்டியில்லாமல், பத்திரம் எழுதாமல் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கி, சொந்த லாரி வாங்கிய காளிதாஸ் நான். எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அப்பேர்ப்பட்டவனை இரண்டு வருடம் ஆட்டிவைத்தது என் வயிறுதான்.

திடீரென்று முறுக்கும், உடனே ஓட வேண்டும். செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போட, குலை ஏற்றிய லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். நடுவில் இறங்கி ஓடினால் முறை போச்சு. புலாவ் செபாங் வரைக்கும் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிவறை பூட்டியிருக்காது என்று என்னைப் போலத் தெரிந்தவன் மலாக்காவிலேயே கிடையாது.

மிளகாய்ச் சம்பால்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். ஒரு வருடம் வீட்டில் மிளகாய் கூடாதென்று உத்தரவு.

“உங்க வயித்துக்கு நாங்க ஏன் ஆஸ்பத்திரிச் சோறு திங்கணும்?” என்றாள் என் மனைவி இருசம்மாள். வலி மட்டும் போகவில்லை.

கிளினிக் டாக்டர் லக்ஷனா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, வலி வரும் நாளைக் குறித்துவரச் சொன்னார். நோட்டுப் புத்தகமெல்லாம் நமக்கு ஆகாது. ஆலையில் ஒவ்வொரு லோடுக்கும் தேதி போட்டு எடைச்சீட்டு தருவார்கள். வலித்த நாளின் சீட்டில் பெருக்கல் குறி போட்டேன். மூன்று மாதச் சீட்டுகளை டாக்டர் மேசையில் பரப்பினார்.

“அங்கிள், மாசாமாசம் அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும்தான் குறி நெறைய இருக்கு. அப்ப என்னலா சாப்பிடுறீங்க?”

“சாப்பாடு மாறலம்மா. ஏழாந்தேதி மில்லுல பணம் போடுவாங்க.”

“பணம் வந்தா சந்தோஷம்தானே?”

“டீசலுக்கும் டயருக்கும் போயிடுது. கொடுக்க வேண்டியவருக்குப் போகலியே.” சொல்லும்போதே வயிறு இரைந்தது.

“கேட்டீங்களா? குடலும் மூளையும் பேசிக்கிட்டே இருக்கும். உங்களுது ரோஷக்காரக் குடல். மனசு அழுத்தம் ஏறினா அதுவும் கிளம்பிடும். வலி நெஜம்தான், கற்பனை இல்ல. மருந்து தரேன். அவரையும் போய்ப் பாருங்க.”

இத்தனை நாள் அவர் வீட்டுப் பக்கமே தலைகாட்டாதவன், போனேன். நவரட்ணம் அண்ணன் கதவைத் திறந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணே, டாய்லெட் எங்க?”

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன்: மொத்தமாக முடியாது, மாதம் ஐந்நூறு.

“இதுக்கோ ஒளிச்சுத் திரிஞ்சீர்?” என்று சிரித்தார். “காசைப் பற்றி இல்லை ஐசே, ஆளைக் காணேல்லை எண்டுதான் எனக்கு யோசனை.”

அடுத்த மாதத்திலிருந்து ஏழாம் தேதி டீசலுக்கு முன்னால் அவர் பணம்தான். டயர் வெடித்த மாதம் இரண்டு குறி விழுந்தது, மறைப்பானேன். மற்றபடி சீட்டுகள் வெள்ளை வெளேர். பதினோரு லாரிக்குப் பின்னால் நின்று, இறங்காமல் எடை போட்டு வந்தேன். இருசம்மாள் அம்மியில் சம்பால் அரைத்தாள்.

முப்பத்தாறாவது மாதம், கடைசி ஐந்நூறோடு அவர் வீட்டுக்கே போனேன்.

“பேங்கில போட்டிருக்கலாமே,” என்றார் அண்ணன்.

“மாட்டேண்ணே. கைய நீட்டுங்க.”

நீட்டினார். என் வயிறு கம்மென்று இருந்தது. ஐம்பது வெள்ளித் தாள்களை ஒவ்வொன்றாக, தெருவுக்கே கேட்கும்படி எண்ணி, பத்தாவதையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.