விஞ்ஞானத்துக்காகத் தின்றவர்

முதலில் முகர்ந்து பார்ப்பார். அடுத்து மஃபினின் உச்சந்தலையில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி, பள்ளம் எழும்பி வருகிறதா என்று குனிந்து கவனிப்பார். எழும்பினால் ஒரு ‘ம்ம்’. எழும்பாவிட்டாலும் அதே ‘ம்ம்’தான். அப்புறம் நாலே கடி. தட்டில் உதிர்ந்ததை ஈர விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டு, சமையலறைச் சுவரைப் பார்த்து அறிவிப்பார்: “இன்னிக்கு வேலை முடிஞ்சது.”

லெஸ் நான்கிவெல்லுக்கு அதுதான் வேலை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு, ஒரு மனிதரால் தரக்கூடிய அனைத்தையும் தந்தவர் அவர். ரத்தம், மூச்சு, சிறுநீர், ஒரு தடவை டப்பாவில் அடைத்துக் காரின் பின்சீட்டில் வைத்து எடுத்துப்போன இன்னொன்று. வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். முழங்கால்கள் இரண்டும் கூடிப் பேசி ராஜினாமா செய்த பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுக்கத் தொடங்கினார். பார்லி ரொட்டி தின்றார். மீன் எண்ணெய் விழுங்கினார். அந்தப் பருவம் முழுக்கத் தெருப் பூனைகள் அவரைத் தங்கள் தலைவராக ஏற்றுக்கொண்டிருந்தன.

“எலிக்கு வாய் கிடையாது, எனக்கு இருக்கு. அதான் என்னைக் கூப்பிடுறாங்க” என்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வாயைப் பற்றி வேறு அபிப்பிராயம் நிலவியது.

ஜூலைக் குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டுகிடக்க, அவர் மட்டும் அரைக்கைச் சட்டையில் திரிவார். காரணம் அவருடைய நரம்புகள். முழங்கை மடிப்பில் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். இடக்கை நரம்புக்குப் ‘பெரியவர்’ என்று பெயர். வலக்கையில் இருப்பது ‘சின்னவன்’. “நேத்து சின்னவன் சரியாத் தூங்கல கண்ணு, நீ பெரியவர்கிட்டயே வாங்கிக்க” என்று ஊசி பிடித்தவளுக்கு ஆலோசனை சொல்வார். புதிதாக வரும் நர்ஸுகளை அவரிடம்தான் பழக அனுப்புவார்கள். குருடர் குத்தினாலும் ரத்தம் வரும் கை.

தொண்ணூறுகள் பிறந்த புதிது. வெண்ணெய் நெஞ்சை அடைக்கும் என்று டாக்டர்கள் சொல்லி, ஊர் முழுவதும் மார்ஜரின் டப்பாவுக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தது. லெஸ்ஸும் மாறியவர்தான். அவருடைய கொட்டகையில் ஆணி, திருகாணி எல்லாம் மார்ஜரின் டப்பாக்களில்தான் குடியிருந்தன. இப்போது அந்த மார்ஜரின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெயில் வாயுவை ஏற்றி இறுக்கிய கொழுப்பு, நமக்குத் தெரிந்த வனஸ்பதியின் வெள்ளைக்காரச் சகோதரி, உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இந்த மஃபின்கள். நீலச் சீட்டு ஒட்டிய பெட்டி சிலருக்கு, மஞ்சள் சீட்டு ஒட்டியது மற்றவர்களுக்கு. ஒன்றில் இறுக்கிய கொழுப்பு, இன்னொன்றில் வெறும் எண்ணெய். எதில் எது என்று தின்பவருக்கும் தெரியாது, தின்னக் கொடுக்கும் பிலிப்பாவுக்கும் தெரியாது. வேறெங்கோ சுட்டு, மூடி ஒட்டி வரும்.

பிலிப்பா ராத்ஜென் இந்த ஆராய்ச்சியை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கியாக வேண்டும். ஆட்களைச் சேர்ப்பதற்குள் பாதி ஆயுள் போயிருந்தது. சேர்ந்தவர்களிலும் ஒருவர் பாலித் தீவுக்குப் போய்த் திரும்பவேயில்லை. இன்னொருவர் செத்தே போனார், விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாமல், ஏணியிலிருந்து விழுந்து.

“இறுக்கும்போது என்ன ஆகுதுன்னா, கொழுப்புக்குள்ள வளைஞ்சு இருக்கவேண்டிய இடம் நிமிர்ந்துடுது, லெஸ். அதை உடம்பு எப்படி எடுத்துக்குதுன்னுதான் பாக்குறோம்.”

“நிமிர்ந்து நின்னா நல்லதுதானே? எங்க பள்ளிக்கூடத்துல அதுக்குத்தான் பிரம்பால அடிச்சாங்க.”

லெஸ்ஸுக்கு நீலம் வந்தது. தின்ற முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார். “பழைய கறிப் பஃப் மாதிரி பொறுபொறுன்னு இருக்கு. நல்ல சரக்கு இதுலதான்.”

மஞ்சள் வந்தது கோரல் லிண்ட்னருக்கு. இறைச்சிக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஓய்வு பெற்ற பெண்மணி. கல்லாவின் அதட்டல் குரலில் இன்னும் மிச்சமிருந்தது. அப்பாவும் அண்ணனும் அறுபதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே போனவர்கள். அடுத்தது தானா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் ஆராய்ச்சிக்கே வந்தார். வரவேற்பறையில் பக்கத்து நாற்காலி.

“யோவ் நான்கிவெல், உன்னுது எப்படி இருக்கு? என்னுது காகிதமெல்லாம் எண்ணெய் வடியுது. தின்னுட்டுக் கதவைத் திறந்தா கைப்பிடி வழுக்குது.”

“என்னுது தேவாமிர்தம்.”

“உனக்குக் கொடுத்துவச்சிருக்கு. உடம்பெல்லாம் கொழுப்பு, அதான் சேந்து வருது.”

அடுத்த வாரம், கார் நிறுத்துமிடத்தில் லெஸ் தன் பெட்டியை அவரிடம் நீட்டினார். சிலர் ரோஜா நீட்டுவார்கள். மனைவியைப் பறிகொடுத்துப் பல வருடம் ஆன, நீட்டிப் பழக்கமில்லாத ஒரு மனிதரிடம் இருந்தது மஃபின்தான்.

“மாத்தக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சேய்யா” என்றார் கோரல்.

“ரெண்டுலயும் கொழுப்பு ஒரே அளவுன்னும் அதே பொண்ணுதான் சொல்லுச்சு. மஃபினுக்கு மஃபின் சரியாப் போச்சு. பிடி.”

அன்று முதல் வாராவாரம் பெட்டிகள் காருக்குக் கார் மாறின. லெஸ் மஞ்சளைத் தேநீரில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கோரல் நீலத்தைச் சப்புக்கொட்டித் தின்றார். பேச்சும் வளர்ந்தது. புல்தரையில் கனத்த பந்தை உருட்டிக் கோரல் ஆடும் ஆட்டத்தை ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்து, விதி ஒன்றும் புரியாமல் தப்பான இடத்தில் கைதட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார் லெஸ். டாஸ்மேனியாவுக்கு ஆடப்போகிற குழுவில் தானும் இருப்பதாகச் சொல்லும்போது கோரலின் அதட்டல் கூடக் கொஞ்சம் இளகியது.

நடுவில் ஒரு நாள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எண்கள் எல்லை மீறியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. முடிவு வந்த நாளில், முதலில் லெஸ்ஸைப் பார்த்து, “உங்களுது அருமையா இருக்கு” என்றாள் பிலிப்பா. அவர் வரவேற்பறைக்கு வந்து, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கர்வத்துக்கு ஆயுள் அரை நிமிடம். உள்ளே போன கோரல் சாம்பல் பூத்த முகத்தோடு வெளியே வந்தார்.

“கெட்டது ஏறிடுச்சாம். நல்லது இறங்கிடுச்சாம்.”

“எதுல?”

“ரத்தக் கொழுப்புல, வேறெதுல? வீட்டு டாக்டரைப் பாத்து மாத்திரை ஆரம்பிக்கணுமாம். ஒரு துளி வெண்ணெய் தொட்டிருப்பேனா? அப்பன் வீட்டு ரத்தம். எங்க ஓடினாலும் துரத்திக்கிட்டு வருது.” கைப்பையைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். “டாஸ்மேனியாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். அங்க போய் நட்டநடுப் புல்லுல விழுந்து வைக்கவா?”

லெஸ்ஸின் வாய், எலிக்கு இல்லாத அந்த வாய், முதல்முறையாக அடைத்துக்கொண்டது. துரத்தி வந்தது அப்பன் வீட்டு ரத்தமல்ல, தன் வீட்டுப் பெட்டி என்று அவருக்கு உறைத்துவிட்டது. சொன்னால் அடுத்த கணமே ஆராய்ச்சியை விட்டு வெளியே தள்ளிவிடுவார்கள். இனி எந்த ஆராய்ச்சியிலும் சேர்க்கமாட்டார்கள். பெரியவருக்கும் சின்னவனுக்கும் அதன் பிறகு யாரிடம் போய் வேலை கேட்பது? பிலிப்பாவின் கணக்கில் இரண்டு ஓட்டை விழும். சொல்லாவிட்டால், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, சாவை எதிர்பார்த்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்.

எழுந்து உள்ளே போனார். கதவைத் தட்ட மறந்துவிட்டார்.

“கண்ணு, அவ தின்னது என்னுது. நான் தின்னது அவளுது.”

பிலிப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “எப்போலேருந்து?”

“ரெண்டாவது வாரத்துலேருந்து.”

அவள் நெற்றியை மேசையில் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று லெஸ் குனிந்து பார்த்தார். இல்லை. மெல்லிய குரலில் கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பிரிவில் கூட அவர் கேட்டிராத ஒன்றிரண்டும் அதில் இருந்தன.

“சீட்டை மட்டும் மாத்தி ஒட்டிக்க முடியாதா? நான் மஞ்சள், அவ நீலம்னு?”

“இது ரயில் டிக்கெட்டா லெஸ்?”

“அப்போ அந்த நீலந்தான்…”

“எனக்குத் தெரியாது! எனக்குத் தெரியக்கூடாது. இப்போ நீங்க பாதி தெரியவச்சுட்டீங்க, அதுவே பெரிய பாவம்.” நிமிர்ந்தாள். “ரெண்டு பேரும் வெளியே. இன்னியோட மஃபினை நிறுத்தணும். மாத்திரை ஆரம்பிக்க வேணாம்னு அவங்ககிட்ட நான் சொல்றேன். சில வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்.”

“சொல்றது என் வேலை கண்ணு.”

கார் நிறுத்துமிடத்தில் அவரே சொன்னார். கோரல் முழுவதையும் கேட்டார்.

“அப்போ என்னைக் கொல்லப் பாத்திருக்க.”

“நல்லதைத்தான் குடுத்தேன்னு நினைச்சேன், கோரல்.”

“எதை வச்சு?”

“நாக்கை வச்சு.”

“அதை அறுத்துக் குப்பையில போடு.” கார்க் கதவு சாத்திய சத்தத்தில் மரத்திலிருந்த கிளிகள் கலைந்தன.

அதற்குப் பிறகு பேச்சில்லை. சனிக்கிழமைகளில் லெஸ் புல்தரைப் பக்கம் போகவில்லை. காலையில் சாதாரண ரொட்டி தின்றார். அதை அழுத்திப் பார்த்து யாருக்குச் சொல்வது?

மறுபரிசோதனையின் முடிவு சொல்லும் நாளில், ஆராய்ச்சிக்கூடத்தின் வெளிப்படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக அவருக்கு இனி உரிமையில்லை. படிக்கட்டில் உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

கோரல் வெளியே வந்தார். அவரைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் லெஸ் நினைத்தார். போகாமல், ஒரு படி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்.

“இறங்கிடுச்சு” என்றார், எதிரிலிருந்த தெருவைப் பார்த்து. “ஏறினதெல்லாம் இறங்கிடுச்சு. டாஸ்மேனியாவுக்கு வரேன்னு சொல்லிட்டேன்.”

“நல்லது.”

“நல்லதாம்.”

கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். எண்ணெயில் பொரித்து, ஜாமும் க்ரீமும் பிதுங்கும் கிச்னர் பன். வரும் வழியிலேயே வாங்கியிருக்க வேண்டும். முடிவு எதுவானாலும் ஒன்று தின்பது என்ற தீர்மானம். இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை லெஸ்ஸின் உள்ளங்கையில் வைத்தார். தன் பாதியை மடியில் வைத்துக்கொண்டு, லெஸ் மென்று, அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்கும் வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் தன் பாதியைக் கடித்தார்.