துண்டு இறங்கும்வரை

தேத்தண்ணிக்கடை மடுத்தீனுக்கு அதைச் சொன்னவர் சலூன்காரர். சலூன்காரருக்கு யார் சொன்னதென்று தெரியாது.

"உந்தக் கயித்தில தொங்கிற வெள்ளைக்காரன் முந்திப் பெரிய பனிப்பாய்ச்சல்காரனாம். கொடி காட்ட முன்னமே பாய்ஞ்சு விழுந்தவனாம். சொல்லுக் கேளாத ஆள், அதாலதான் கலைச்சவங்கள்."

தேத்தண்ணியை ஆற்றியபடி மடுத்தீன் இதை என்னிடம் சொன்னபோது, அந்த வெள்ளைக்காரனுக்குக் கீழே நின்று துண்டு காட்டுகிறவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

யெர்னெய் ஸ்லோவேனியாக்காரன். ஆறு வயதில் ஊர்ச் சரிவில் தொடங்கியவன். உச்சியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் குந்தியிருந்து, பனியில் சறுக்கி வந்து, காற்றில் பாய்ந்து, நூறு மீட்டருக்கு அப்பால் இறங்குகிற விளையாட்டு. மேலே இருப்பவனுக்குக் கீழே வீசும் காற்றுத் தெரியாது. பாயும் இடத்தருகே நிற்கும் பயிற்சியாளர் கொடியை இறக்குவார். இறக்கினால் போகவேண்டும்.

பதினேழு வயதில் நாட்டின் இரண்டாம் அணியில் சேர்ந்தான். காலையில் தராசு, மாலையில் தராசு; எடை கூடினால் பாயும் தூரம் குறையும். முதலாம் அணியில் யாருக்காவது காயமென்றால் இவனை அழைப்பார்கள். இரண்டு முறை அழைத்தார்கள். இரண்டு முறையும் காயப்பட்டவர் சுகமாகித் திரும்பிவிட்டார். 2009 மாசியில், இருபத்துமூன்று வயதில், விழுந்து முழங்கால் நொறுங்கியது; பாய்ச்சலும் அதோடு முடிந்தது. பிறகு பாரிசுக்கு வந்து, கயிற்றில் தொங்கிச் சுவரும் கூரையும் திருத்துகிறவனானான்.

2016இல் ரூ பெர்தொனே தெருவில் தவரத்தினம் அண்ணையின் சேலைக்கடை இருக்கும் கட்டடத்துக்கு வேலைக்கு வந்தான். எனக்குத் தமிழும் பிரெஞ்சும் எழுதவரும் என்பதால், கடைக்காரர்களின் கடுதாசி வேலைகள் என்னிடம்தான் வரும். ஒப்பந்தத்தோடு நின்ற என் கையில் ஒரு சிவப்புத் துண்டைத் திணித்தான்.

"காற்று ஓய்ந்ததும் இதை இறக்கு. அதற்குப் பிறகுதான் நான் விளிம்புக்குப் போவேன்."

"ஏன் நான்?"

"இங்கே நிற்பவர்களில் நீதான் பயந்த முகம்."

அவன் பிரெஞ்சில் சொன்னது தவரத்தினம் அண்ணைக்கும் விளங்கிவிட்டது. "ஆளைச் சரியாத்தான் பிடிச்சிருக்கிறான். இவர் மெத்ரோப் படி ஏறவே ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிக்கிற ஆள்."

கடை வாசலில் மூன்று சேலைகள் தொங்கும். அவற்றின் முந்தானைகள்தான் என் அளவுகோல். மூன்றும் அசையாமல் நின்றால் துண்டை இறக்குவேன். நான்கு வருடங்களில் பதினொரு முறை இப்படி நின்றிருக்கிறேன். ஒருநாள் நாற்பது நிமிடம் தூக்கிப் பிடித்தேன். கை மரத்துப்போனது. மேலே அவன் ஓட்டோடு ஓடாகக் குந்தியிருந்தான்.

மடுத்தீன் சொன்ன கதையை, ரூ காய் தெருச் சாப்பாட்டுக்கடையில் சாப்பிடும்போது யெர்னெயிடமே கேட்டேன். வடையைப் பாதியாக உடைத்து, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான். அவன் வீட்டில் இன்னும் தராசு இருக்கிறது.

"கொடி விழுந்தது. போனேன். இடப்பக்கத்தால் காற்று அடித்தது."

"கொடிக்கு முன்னமே பாய்ந்தாய் என்கிறார்களே."

"பயிற்சியாளர் அறிக்கையில் அப்படி எழுதினார். அவருக்கு அடுத்த வருடமும் வேலை வேண்டும். எனக்கு முழங்கால் இல்லை. நான் மறுக்கவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே."

"காற்றுச் சரியில்லையென்று மேலே இருக்கும்போதே தெரிந்ததா?"

வடையை மென்று முடித்தான். "தெரிந்தது. ஆனால் கொடி விழுந்துவிட்டதே."

அதற்குப் பிறகு துண்டை இறக்குமுன் மூன்று முந்தானைகளையும் இரண்டு தடவை பார்ப்பேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

2020 மாசியில் புயலொன்று அடித்து ஓய்ந்து, மறுபடி எழும்பியது. தவரத்தினம் அண்ணையின் கட்டடத்தில் கூரையோரத் தகரமொன்று கழன்று அடித்துக்கொண்டிருந்தது. யெர்னெய்க்குக் கயிறு உண்டு. ஆனால் தகரத்தைக் கழற்றும்போது இரண்டு கையும் அதில் இருக்கும். அந்த நேரம் காற்றுப் புகுந்தால் தகரம் படகுப் பாய்போல விரியும். அதன் விளிம்பு கயிற்றை அறுக்கும். மூன்று மணிக்கு வேலை. நான் குடியிருக்கும் வில்லியே லே பெல்லிலிருந்து வெள்ளெனவே புறப்பட்டேன். சென் தெனிக்கு அருகில் ரயில் நின்றுவிட்டது. பாதையில் மரம் விழுந்திருக்கிறதாம்.

யெர்னெய்க்கு அழைத்தேன், எடுக்கவில்லை; மேலே போனால் தொலைபேசியைப் பையில் விட்டுவிடுவான். தவரத்தினம் அண்ணை எடுத்தார்.

"ஆறுதலா வாரும் தம்பி. அவன் மேலை ஏறீட்டான்."

"நான் வரும்வரைக்கும் துண்டைத் தொடாதேங்கோ அண்ணை."

"தகரம் ஆரின்ரயும் தலையில விழுந்தால் என்னையெல்லோ பிடிப்பாங்கள். துண்டுதானே, நானே காட்டுறன். நீர் என்ன, அதுக்கும் படிச்சுப் பட்டம் எடுத்தனீரே?"

"சேலை மூண்டும் அசையாமல் நிக்குதோ?"

"சேலையளை எப்பவோ உள்ளை எடுத்திட்டன். காத்துப் பிடுங்குது."

"பிறகு எதைப் பாத்து இறக்குவியள்?"

"அவன் பறந்த ஆள், அவனுக்குத் தெரியாததே? சரியில்லையெண்டால் தானே நிப்பான். ஆரின்ரயும் சொல்லுக் கேளாத ஆளெண்டு ஊரே கதைக்குது."

"இல்லை அண்ணை, துண்டு இறங்கினால் அவன் நிக்கமாட்டான். அவன்—"

தொடர்பு அறுந்தது.

ரயில் நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே, தண்டவாளத்து வேலிக் கம்பியில் ஒரு பொலித்தீன் பை ஒட்டிக்கொண்டு படபடத்தது. அந்த வதந்தி உண்மையாக, அவன் சொல்லுக் கேளாதவனாகவே இருக்கக்கூடாதா என்று முதல்முறையாக நினைத்தேன். அண்ணையைத் திரும்ப அழைத்தேன். மணி போனது. அடித்து முடிந்தது. மறுபடி அழைத்தேன். பை கம்பியிலிருந்து விடுபட்டு மேலே போனது. காதில் மணி போய்க்கொண்டிருந்தது.