பாக்கியலெட்சுமி என்ற பெயரில் ஒரு குழாய் இரத்தம்

கொழும்பில் இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களிலும் டொக்டர் மெற்றில்டாவுக்கு நிகரான மூளை கிடையாது. அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் கிருமிகள் வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டும். அவர் காலி வீதியில் இறங்கினால் தடிமன் காய்ச்சல் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடும். ஒருமுறை பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீற்றில் இருந்து வந்த கிழவருக்கு, கொட்டாஞ்சேனையில் ஏறும்போது இருந்த மூட்டுவலி வெள்ளவத்தையில் இறங்கும்போது இல்லை. இதில் ஒரு சொட்டும் மிகை கிடையாது. இருந்தால் அது கிழவர் போட்டது.

ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. செருப்பு வார் அறுந்தால் ஊசி குத்திக்கொண்டு நடப்பார். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், தகப்பன் ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளார்க். ஐறீன் என்று ஓர் அக்கா. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அக்காவின் விரல்கள் வீங்கின. வாதம் என்று எண்ணெய் பூசினார்கள், கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்தபோது வெயில் பட்டதென்றார்கள். சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், உடம்பைக் காக்கவேண்டிய உயிர்க்கலங்கள் உடம்பையே கடிக்கிற வருத்தம் இது என்று ஒரு பெயர் சொன்னார்கள். வீட்டார் அந்தப் பெயரை உச்சரிக்கப் பழகுவதற்குள் ஐறீன் போய்விட்டார்.

தங்கச்சி அந்தப் பெயரை விடவில்லை. டொக்டருக்குப் படித்தார். பிறகு சீமைக்குப் போய், நோயெதிர்க்கும் கலங்களைப் பற்றி மட்டும் வருடக்கணக்காகப் படித்தார். இங்கே சண்டை முற்றி, ஆட்கள் பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிய காலத்தில் இவர் உள்ளே வந்தார். விமான நிலையத்து அதிகாரி பாஸ்போட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ஏன் மிஸ் வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாராம். கேலியாக இல்லை, கவலையாக.

வீக்கம் கண்ணுக்குத் தெரியும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். ஆனால் இரத்தத்துக்கு அதற்கு வெகுமுன்பே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. தொண்ணூற்றாறில் நாள்முழுக்க மின்வெட்டு வந்தபோது, ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டி செத்துவிட்டது. மெற்றில்டா இரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, ஜெனரேற்றர் வைத்திருந்த வெள்ளவத்தை மஹ்ரூப் நானாவின் ஐஸ்கிரீம் கடைக்கு வந்தார்.

"டொக்டர், வைங்க. வாணாம் எண்டு செல்லல்ல. ஆனா கஸ்டமர் கேட்டா நான் என்ன பிளேவர் எண்டு செல்ற?" என்றார் நானா.

ஐஸ்கிரீமுக்குக் கீழே ஒரு மாதம் இரத்தம் இருந்தது. வியாபாரம் குறையவில்லை. நானாதான் தன் கடை ஐஸ்கிரீமைச் சாப்பிடுவதை நிறுத்தினார்.

நோயாளிகளின் இரத்தம் சேர்ந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கச் சுகமான இளவயதுக்காரரின் இரத்தம் வேண்டும். நானா கடைக்கு மேல்மாடியில் இராஜநாயகம் மாஸ்ரரின் டைப்பிங் வகுப்பு இருந்தது. விசாவுக்குக் காத்திருக்கிறவர்களும் வேலைக்குக் காத்திருக்கிறவர்களும் காலையில் அங்கே தட்டிக்கொண்டிருப்பார்கள். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, துணிக்கடையில் நின்றுகொண்டே டைப்பிங் பழகிய சீனியம்மாவும் அவர்களில் ஒருத்தி. இதை எழுதுகிறவள் அவள்தான்.

மெற்றில்டா ஊசிப் பெட்டியோடு படியேறி வந்து விளக்கம் சொன்னார். "உங்கட உடம்புக்குள்ள ஒரு செக் பொயின்ற் இருக்கு. ஆர் வீட்டாள், ஆர் வெளியாள் எண்டு பாத்து விடுறது அதிண்ட வேலை. சிலபேருக்கு அது குழம்பிப்போய் வீட்டாளையே போட்டு அடிக்கத் தொடங்கும்."

"டொக்டர், இஞ்ச அரசியல் கதைக்கிறேல்லை," என்றார் மாஸ்ரர், கதவைச் சாத்திக்கொண்டு.

எல்லோரும் கையை நீட்டினார்கள். டொக்டர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் குழாயில் எழுதி ஒட்டினார். அங்கேதான் பிழை நடந்தது. முந்தின கிழமை ஆமி நடத்திய சுற்றிவளைப்பில், வகுப்புக்கும் மேல்மாடியில் லொட்ஜில் தங்கியிருந்த பெடியன்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பேனையோடு வருகிறவருக்குச் சொந்தப் பெயர் சொல்லக்கூடாது என்பது அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தின் சட்டம். ஆகவே ஒருவன் தன் பழைய தலைமையாசிரியரின் பெயரைச் சொன்னான். இன்னொருத்தி செத்துப்போன பெரியம்மாவின் பெயரைச் சொன்னாள். மாஸ்ரரே தன் மச்சானின் பெயரில்தான் இரத்தம் கொடுத்தார். சண்டைக் காலம் முழுக்க இங்கேயே இருந்தவர் என்றால் சிரித்துக் கண்டுபிடித்திருப்பார். மெற்றில்டா சீமையிலிருந்து வந்தவர். பக்குவமாக எழுதி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆய்வுகூடத்தில் ஒரு இருட்டறை. கண்ணாடித் தட்டில் கலங்களைப் பரப்பி, அதன்மேல் இரத்தத்தின் தெளிந்த நீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்ப்பார்கள். சுகமான ஆளுடையது என்றால் தட்டு இருண்டே கிடக்கும். மாஸ்ரரின் மச்சான் இருட்டு. தலைமையாசிரியர் இருட்டு. செத்துப்போன பெரியம்மாவும் நல்ல சுகத்தோடு இருட்டாகவே இருந்தார். அடுத்த தட்டை வைத்தபோது ஒவ்வொரு கலத்தின் நடுவும் பச்சையாகப் பற்றி எரிந்தது.

குழாய் மாறிவிட்டது என்று நினைத்தார். திரும்பச் செய்தார். எரிந்தது. நீர் கலந்து, இன்னும் கலந்து, இனி ஒன்றும் தெரியாது என்கிற அளவுக்குக் கலந்து பார்த்தார். அப்போதும் எரிந்தது. வருத்தம் முற்றிய நோயாளிகளில்கூட அவர் இப்படிக் கண்டது குறைவு. வெளியே வந்தவருக்கு மாடிப்படி எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. குழாயில் பாக்கியலெட்சுமி என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது.

அடுத்த நாள் காலை பாக்கியலெட்சுமியைத் தேடி வந்தார். ஆள் கிடைத்தது. கட்டடத்தின் சொந்தக்காரி. எழுபது தாண்டியவர், கீழ்வீட்டில் நாற்காலியை விட்டு எழும்பாதவர்.

"என்ர இரத்தமோ? எனக்கு ஊசி எண்டாலே தலை சுத்தும் பிள்ளை. எந்த மூதேவி என்ர பேரைக் குடுத்தது? இனி என்னையெல்லே பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

அப்போதுதான் மெற்றில்டாவுக்கு உறைத்தது. ஒரு பெயரும் உண்மையில்லை. இத்தனை பேரில் ஒரு பிள்ளைக்குள் ஐறீனின் வருத்தம் புகுந்திருக்கிறது; அது யார் என்று சொல்ல ஒருவருமில்லை. அதைவிட மோசம், டொக்டர் ஒரு பெயரை விசாரித்துத் திரிகிறார் என்ற கதை அவருக்கு முன்னே மாடியேறிவிட்டது. சீ.ஐ.டி. என்று யாரோ சேர்த்துவிட்டார்கள். அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது பாதி மெசின்களுக்கு முன்னால் ஆளில்லை. ஒரு மெசினில் வசனம் பாதியில் நின்றது.

இருந்தவர்களிடம் சொன்னார். அக்காவின் கதையையும் சொன்னார். அதுவரை அது யாருக்கும் தெரியாது. "இப்ப பிடிச்சா குளிசை மருந்தோட சமாளிக்கலாம். வேலைக்குப் போகலாம், கலியாணம் கட்டலாம், புருசனோட சண்டை பிடிக்கலாம். பிந்தினா சிறுநீரகம் போயிடும். எனக்குப் பேர் வேண்டாம். ஆளைக் காட்டுங்கோ, அது போதும்."

இப்படிப்பட்ட நேரத்தில் சீனியம்மாவின் வாய் அவளைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

"அவ கனடா போயிட்டாங்க டொக்டர்."

"ஆர்?"

"பாக்கியலெட்சுமின்னு பேர் குடுத்த புள்ளைங்க. முந்தாநாள் போயிட்டா. மாமா கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு." பொய்க்கு ஒரு மாமா எப்போதும் கிடைப்பார்.

மாஸ்ரர் ஆளில்லாத மெசின் ஒன்றுக்கு உறையைப் போட்டு மூடினார்.

மெற்றில்டா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இரத்தம் இல்லை. கனடாவில் எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது. மாமாவின் பெயர் கேட்டார். தெரியாது. "அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதே," என்றார் மெதுவாக. "அந்தக் குளிருக்குள்ள கை நொந்தா, குளிருக்குத்தான் நோகுதெண்டு நினைக்குமே." கைப்பையைத் திறந்தார், எதையோ தேடினார், என்ன தேடினார் என்று மறந்துவிட்டு மூடினார். கண் தளும்பி வழிந்ததையும் துடைக்கவில்லை.

இத்தனை பெரிய ஆள் ஒரு பொய்க்கு இப்படி உடைந்துபோவார் என்று சீனியம்மா எதிர்பார்க்கவில்லை. அவள் இதுவரை எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறாள். ஒருவரும் அவளுக்காக அழுததில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கீழே ஓடி, நானாவிடம் பால் விடாத பிளேன் ரீ ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். காலை நேரத்தில் அவளுடைய விரல்கள் மடங்காது. டைப்பிங் மெசின் துருப்பிடித்தது என்று மாஸ்ரரிடம் அதற்கும் ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். ஆகவே கோப்பையின் காதைப் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஏந்திக்கொண்டு போய் நீட்டினாள்.

"குடிங்க டொக்டர். சீனி கூடப் போடச் சொன்னேங்க."

மெற்றில்டா கோப்பையை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பையை எடுத்து மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுடைய வலது கையைப் பிடித்து, வீங்கிய மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றாவதில் சீனியம்மா பல்லைக் கடித்தாள்.

"அப்ப," என்றார், பிடியை விடாமல், "கனடாவுக்குப் போனவ கையை மட்டும் வெள்ளவத்தையில விட்டிட்டுப் போட்டாவோ?"