சோதிக்காமல் போட்ட ஊசி

எண்பதுகளில் அபுதாபி மருத்துவமனை ஒன்றில், தோல் புற்றுநோய் பரவிய இடத்தைக் கேமராவில் காட்டும் கதிரியக்க மருந்தை உருவாக்கிக்கொண்டிருந்தேன். முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்த கீழக்கரை காசிம் பாய்க்கு உள்ளங்காலில் அந்தப் புற்று; அதை வெட்டி எடுத்தாகிவிட்டது, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அன்று மேலதிகாரிகள் என் மருந்து வேலை செய்வதைப் பார்க்க வந்திருந்தார்கள். அவசரத்தில் மருந்தைச் சோதிக்காமலே ஊசி போட்டேன்.

படத்தில் கழுத்துத் தைராய்டு ஒளிர்ந்தது. மருந்து கெட்டிருந்தால்தான் அப்படி வரும்; அந்தப் படத்தை நம்பக் கூடாது. தெரிந்தும், அவர்கள் முன்னால் வாய் திறக்காமல், பரவவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

"பரவியிருந்தா ஊர்ல ஆபரேஷன்னு லீவு போட்டிருந்தேன். கேன்சல் பண்ணிரவா சார்?"

"பண்ணிடுங்க பாய்."

நான்கு மாதம் கழித்து, புற்று பரவி, தொடையிடுக்கில் கட்டியோடு வந்தார். "புது மருந்து பாய், சிலதைக் காட்டாது" என்றேன்.

"நீங்க என்ன சார் செய்வீங்க, வருத்தப்படாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் பிழைக்கவில்லை. அந்த ஆறுதலைத் தலையசைத்து வாங்கிக்கொண்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.