கிருபாவின் காதும் நான் முந்திச் சொன்ன சாட்சியும்

இரண்டு வருடத்துக்கு முன் இதே சபையில் எழுந்து நின்று, என் மகளைக் கர்த்தர் பேச வைத்தார் என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அது நடக்கவே இல்லை. அதைத் திருத்தாமல் வேறு எந்தச் சாட்சியும் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மோசஸ். குடியிருப்பது படப்பை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்குக் கதவுத் தகடு அடிக்கிற கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம் காத்திருந்து, 2001-ல் கிருபா பிறந்தாள். நாலாம் மாதம் தலை நின்றது. ஏழாம் மாதம் உட்கார்ந்தாள். பதினோராம் மாதம் நடந்தாள். ஒவ்வொன்றுக்கும் லைனில் கூட வேலை செய்கிறவர்களுக்கு மிட்டாய் கொடுத்தேன். பெருமை தலைக்கேறித்தான் இருந்தது.

பேச்சு மட்டும் வரவில்லை.

ஒன்றரை வயது ஊசி போடப் போனபோது நர்ஸம்மா கேட்டார். "எத்தினி வார்த்த பேசுது?"

"இன்னும் ஒண்ணும் பேசல சிஸ்டர்" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்புதா?"

"சூப்பரா திரும்புவா. இப்பப் பாருங்க" என்று நான் கூப்பிட்டேன். கிருபா ஓடி வந்தாள். நர்ஸம்மா என் கையையே பார்த்தார்.

"கைய ஆட்டாம கூப்டுப்பா."

கையை ஆட்டினேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரஸ் ஷாப்பில் வாயால் பேசுகிற கதையே கிடையாது. மெஷின் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, காதில் வேறு பஞ்சு. வா, போ, தண்ணி, சூப்பர்வைசர் வருகிறார் என்று எல்லாமே கைதான். பல வருடப் பழக்கம், வீட்டுக்கு வந்தாலும் விடவில்லை. சோறு என்றால் வாயோடு கையும் சொல்லும். ஸ்டெல்லாவுக்கும் அது தொற்றிவிட்டது. பிள்ளை சொன்னதெல்லாம் செய்தாள், நாங்களும் கெட்டிக்காரி என்று கொஞ்சினோம். கெட்டிக்காரிதான். எங்கள் வாயை விட்டுவிட்டுக் கையைப் படித்துக்கொண்டாள்.

கையைக் கட்டிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். மூன்று தடவை. திரும்பவில்லை. "வெளயாட்டு புத்தி" என்றேன். நர்ஸம்மா ஒரு சீட்டில், பெரியாஸ்பத்திரியில் காது பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்கொழந்த செவுடுன்றீங்களா?"

"பாத்துட்டு வந்துடுன்றேன். அவ்ளோதான்."

சீட்டை வேதாகமத்துக்குள் செருகி வைத்தேன். அங்கேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். மூன்றாவது வெள்ளி கிருபா என் முகத்தைப் பார்த்து உதட்டைச் சேர்த்து "ப்பா" என்றாள். சத்தம் வந்ததா, உதடு மட்டும் பிரிந்ததா என்று இன்று கேட்டால், உதடுதான். அன்றைக்கு எனக்கு அது "அப்பா". ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றுவிட்டேன்.

அதோடு மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் சாட்சி பொய்யாகிவிடும்.

"ஏங்க, ஒரே ஒரு தபா காட்டிட்டு வந்துடலாமே" என்று ஸ்டெல்லா கெஞ்சினாள்.

"சாட்சி சொன்ன வாயாலயே சந்தேகப்படச் சொல்றியா?" என்று அவள் வாயை அடைத்தேன். போலியோ சொட்டுக்குக்கூட அந்த நர்ஸம்மா கண்ணில் படாமல் வேறு தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தேவனுடைய நாமத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. காப்பாற்றியது என் மானத்தை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கித் தெருவுக்குள் வந்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் புது மனைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லி லாரி ஒன்று ரிவர்ஸில் வருகிறது. அதன் வழியில் கிருபா எனக்கும் லாரிக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கல் பொறுக்குகிறாள். ஹாரன் விடாமல் அடிக்கிறது. நான் கத்துகிறேன், இரண்டு கையையும் ஆட்டுகிறேன், ஓடுகிறேன். அவள் பார்த்தால்தானே. "ஆண்டவரே, பிள்ளை, பிள்ளை" என்பதற்குமேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

லாரி நின்றது. அவளுக்கும் டயருக்கும் ஒரு முழம்தான் இருந்தது. அவள் கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

டிரைவர் இறங்கி வந்து அவள் தலைக்குப் பின்னால் படாரென்று கை தட்டிப் பார்த்தார். "யோவ், கொழந்தைக்குக் காது கேக்கலய்யா. எவ்ளோ நேரம் ஹாரன் அடிச்சிகினு கீறேன். உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். வாசலில் நின்ற ஸ்டெல்லாவின் காதில் அது விழுந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காதும் கேட்கவில்லை. இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். ஸ்டெல்லா நர்ஸம்மாவின் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா தேதியைப் பார்த்தார். பேச்சு ஏறுகிற வயது இதுதான், அப்போதே வந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது காதுக்கு மெஷின் போட்டிருக்கிறாள். வாரம் இரண்டு நாள் தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி. அவள் வயசுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் கதை அளக்கின்றன. என் மகள் "தண்ணி" என்ற ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டுகிறாள். போன மாதம் சத்தமாகவே "அப்பா" என்றாள். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நான் தின்றுபோட்ட அந்த ஒரு வருடத்துக்காக.

நர்ஸம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு இன்னா இப்ப. மிஷின்ல தண்ணி படாம பாத்துக்கோ" என்றார்.

லாரியை நிறுத்தியவர் கர்த்தர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த டிரைவர் வாயால் பதில் சொன்னவரும் அவரே. அதே பதிலை நர்ஸம்மா மூலமாக முன்னமே அனுப்பியிருந்தார். எனக்குப் பிடித்த பதிலாக இல்லாததால் அதை நான் வாங்கவில்லை. என்னையும் பொறுத்துக்கொண்டு, பிள்ளையை உயிரோடு கொடுத்தாரே, அதற்குச் சாகும்வரை நன்றி சொல்வேன்.

இதை எழுதாதே, பலவீனமானவர்கள் இடறுவார்கள் என்று சபையில் சிலர் சொன்னார்கள். நான் பொய் சொன்ன அன்று இடறியது கிருபா ஒருத்திதான். அவளுக்காக யாரும் கவலைப்படவில்லை, நான் உட்பட.

கர்த்தரை நம்புங்கள். நானும் அவரையே நம்புகிறேன். ஆனால் உங்கள் பிள்ளைக்கு ஏதாவது பிந்துகிறது என்று நர்ஸம்மா சொன்னால், ஜெபிக்கச் சொல்லி என் வீட்டுக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொல்லியனுப்பினால் லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஓ.பி. வரிசையில் உங்கள் பக்கத்தில் நின்று ஜெபிக்கிறேன்.